தொழில் கற்பிக்கும் பொதுப்பணம்

யார் செலவு?

ஒரு தொழிலைக் கற்பதற்குச் செலவு உண்டு. கண்ணுக்குத் தெரியும் செலவைவிடத் தெரியாத செலவே பெரிது. பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன் ஒருவன் கட்டட வேலைக்குச் சென்றால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெறுவான் எனக் கொள்ளலாம். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் அவன் வருவாய் 12,500 ரூபாய். அதே இளைஞன் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியில் சேர்ந்தால், அந்த இரண்டாண்டுக் கூலியாகிய 3,00,000 ரூபாயை அவன் குடும்பம் இழக்கிறது. பயிற்சி நிலையம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்காவிட்டாலும் இந்த இழப்பு இழப்புதான்.

இந்தக் கணக்கை வீட்டார் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாடகை, அரிசி, தங்கையின் பள்ளிச் செலவு ஆகியவை மாதந்தோறும் தவறாமல் வாசலில் வந்து நிற்கும். இரண்டாண்டு கழித்து வரவிருக்கும் நல்ல ஊதியமோ தொலைவில் தெரியும் விளக்கைப் போன்றது. வெளிச்சம் தெரியும், அதைக்கொண்டு அடுப்பு மூட்ட முடியாது. அதனால், கையில் திறமை வளரக்கூடிய பலர் சாந்துச் சட்டி சுமப்பதிலேயே நின்றுவிடுகின்றனர்.

அப்படியானால் வேலை கொடுப்பவரே தொழிலையும் கற்பிக்கலாமே என்னும் கேள்வி எழும். அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசல் பட்டறை உரிமையாளர் ஒருவர் புதிதாக வந்தவருக்கு ஓராண்டு தொழில் கற்பிக்கிறார். பொருள் வீணாகிறது, கருவிகள் உடைகின்றன, மூத்த தொழிலாளியின் நேரம் செலவாகிறது. கற்று முடித்ததும் அடுத்த தெருப் பட்டறைக்காரர் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி அவரை அழைத்துக்கொள்கிறார். கற்பித்தவருக்குச் செலவு, கற்பிக்காதவருக்கு வரவு. ஒருமுறை இப்படிப் பட்டவர் மறுமுறை கற்பிக்கத் தயங்குவார். ஒவ்வொருவரும் அடுத்தவர் கற்பிக்கட்டும் என்று காத்திருந்தால், முடிவில் அந்த ஊரில் கடைசல் தெரிந்தவரே கிடைக்கமாட்டார்.

முற்காலத்தில் இச்சிக்கலுக்குக் குடும்பமே விடையாக இருந்தது. தச்சர் மகன் தச்சனானான்; கொல்லர் மகன் கொல்லனானான். பட்டறையும் ஆசானும் வீட்டிலேயே இருந்தமையால் செலவு தெரியவில்லை. ஆனால் அந்த விடை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. குலத்தை ஒட்டியே தொழில் என்றிருந்த ஊர்களில் மற்றவர் உளியைத் தொடுவதே அரிது. பெண்களுக்குப் பல தொழில்களின் வாயில் முற்றிலும் அடைபட்டிருந்தது. வரிப்பணத்தால் நடக்கும் பயிற்சிக்கூடம் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. யாருடைய மகன், யாருடைய மகள் என்று கேளாமல் ஒருவர் கையில் கருவியைக் கொடுக்க அதனால் இயலும்.

எனவே தொழில் கற்பிக்கப் பொதுப்பணம் வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பணம் எதை வாங்க வேண்டும் என்பதே கடினமான கேள்வி. கருவிகளையும் ஆசிரியரையும் மட்டும் வாங்கினால் போதுமா? சான்றிதழ் கிடைத்தால் போதுமா? கற்றவர் அத்தொழிலால் பிழைக்கும் வரை பணம் அவருடன் செல்ல வேண்டுமா? விடுதலை பெற்ற இந்தியாவில் இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்த இடம் ஓர் அகதி முகாம்.

சதுப்பு நிலத்தில் ஒரு நகரம்

1947-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நாட்டுப் பிரிவினையால் வீடும் நிலமும் இழந்த மக்கள் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் இந்தியாவுக்குள் வந்தவண்ணம் இருந்தனர். அவர்களுக்காக அமைக்கப்பட்ட முகாம்களுள் மிகப் பெரியது குருட்சேத்திர முகாம். ஓர் இலட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அம்முகாமில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் தங்க நேர்ந்தது. அவர்களுக்கு உணவளிக்க நாளொன்றுக்கு 100 டன் மாவு வேண்டியிருந்தது.

முகாமில் உணவும் கூடாரமும் கிடைத்தன, வேலை கிடைக்கவில்லை. நேற்றுவரை நிலத்தை உழுதவரும், கடை நடத்தியவரும், பிறருக்குக் கூலி கொடுத்தவரும் இன்று வரிசையில் நின்று உணவு பெற்றனர். அந்த நிலை உடலைக் காப்பாற்றியது, மனத்தைக் காப்பாற்றவில்லை. முகாமிலேயே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் நடந்தது. ஆனால் அங்கே கற்ற தொழிலை எங்கே செய்வது? கூடாரங்களுக்கு நடுவே செருப்புத் தைக்கக் கற்றவருக்கு, அந்தச் செருப்பை விலை கொடுத்து வாங்க ஒருவர் வேண்டும். அங்கே இருந்த அனைவரும் அவரைப் போலவே வெறுங்கையர்.

இதைக் கண்டு மாற்று வழி தேடியவர் எஸ். கே. டே என்னும் பொறியாளர். மறுவாழ்வு அமைச்சகத்தில் ஊதியம் பெறாத தொழில்நுட்ப ஆலோசகராக அவர் பணியாற்றினார். அவர் பிறந்த சில்ஹெட் மாவட்டத்தின் பெரும்பகுதியும் பிரிவினையின்போது கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டது. ஆகவே ஊரை இழத்தல் என்பது அவருக்குக் கோப்புகளில் மட்டும் படித்த செய்தி அன்று.

1948-ஆம் ஆண்டில் குருட்சேத்திர முகாமின் தொழிற்பயிற்சி நிலையம் நீலோக்கேரி என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. தில்லியிலிருந்து அம்பாலா செல்லும் நெடுஞ்சாலையில், கர்னாலுக்கும் குருட்சேத்திரத்துக்கும் இடையில் அவ்விடம் உள்ளது. இன்று அது அரியானா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே கிடைத்தது ஏறத்தாழ 1,100 ஏக்கர் சதுப்பு நிலம். நீர் தேங்கிய அந்த நிலத்தில் ஏறக்குறைய 7,000 பேரைக் குடியேற்றத் திட்டமிட்டனர். திட்டத்திற்கு ‘மஸ்தூர் மன்சில்’ எனப் பெயரிட்டனர். உழைப்பவர் சென்று சேரும் இடம் என்பது அதன் பொருள். உயிர் வாழும் உரிமை, வாழ்வதற்கு உழைக்கும் உரிமை, உழைத்ததன் பயனைப் பெறும் உரிமை ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகளாகக் கொள்ளப்பட்டன.

நீலோக்கேரியில் பயிற்சியும் பணியும் பிரித்து வைக்கப்படவில்லை. அங்கே குடியேறப் போகிறவர்களே சாலை அமைத்தனர், வீடு கட்டினர். பலதொழிற் பயிற்சி நிலையத்துடன் பொறியியல் பட்டறை, அச்சகம், தோல் பதனிடும் கூடம், சோப்புத் தொழிற்சாலை, பால் பண்ணை, கோழிப் பண்ணை, தோட்டம் ஆகியவையும் தோன்றின. அவற்றுள் பலவற்றைக் கூட்டுறவு முறையில் நடத்தினர். எல்லாவற்றையும்விட இடத் தேர்வே கருதத்தக்கது. நகரைச் சுற்றிலும் ஊர்கள் இருந்தன. ஊராருக்குக் கலப்பையும் வண்டிச் சக்கரமும் பழுதுபார்க்க வேண்டும். துணியும் சோப்பும் வேண்டும். நகருக்குத் தானியமும் பாலும் வேண்டும். முகாமில் இல்லாத ‘வாங்குவோர்’ இங்கே வேலிக்கு அப்பாலேயே இருந்தனர்.

இத்தனைக்கும் அரசு பணம் செலவிட வேண்டியிருந்தது. அது குறைந்த செலவும் அன்று. ஆனால் முகாமில் மாவுக்காகச் செலவிட்ட பணத்தை மறுநாள் மீண்டும் செலவிட வேண்டும். அதற்கு மறுநாளும் செலவிட வேண்டும். நீலோக்கேரியில் செலவிட்ட பணம் ஒரு பட்டறையாகவும், அந்தப் பட்டறையில் வேலை தெரிந்த கையாகவும் நின்றது. பிரதமர் நேரு இம்முயற்சியில் மிகுந்த ஈடுபாடு காட்டினார்.

நீலோக்கேரியைப் போன்ற நகரங்கள் நாடெங்கும் எழவில்லை. ஒரு நகரத்தையே புதிதாகக் கட்டித்தான் தொழில் கற்பிக்க வேண்டும் என்றால் எந்தக் கருவூலமும் தாங்காது. ஆயினும் அங்கே கிடைத்த பட்டறிவு வீணாகவில்லை. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டத்திற்கு நீலோக்கேரியும் ஒரு முன்மாதிரியாக அமைந்தது. அத்திட்டத்தின் தலைமைப் பொறுப்பும் டேயிடமே வந்தது.

அரமும் இரும்பும்

நகரம் கட்டாமலே தொழில் கற்பிக்கும் வழி ஒன்று அதே காலத்தில் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கும் படைக்கும் வேண்டிய தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்க ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததும் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு வேறு வாழ்வு காட்ட வேண்டியிருந்தது. அதற்கென 1945-இல் ஒரு தலைமை இயக்ககம் ஏற்பட்டது. பிரிவினைக்குப் பின் அகதிகளும் அதன் பொறுப்பில் வந்தனர். இந்த ஏற்பாடுகளின் தொடர்ச்சியாகவே 1950-ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது. ஏறத்தாழ 50 நிலையங்களுடன் அது தொடங்கிற்று. இன்று ‘ஐ.டி.ஐ.’ என்று எல்லோரும் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அவையே. இப்போது அவற்றின் எண்ணிக்கை 14,000-ஐக் கடந்துவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் கற்க வருபவர், முதல் நாள்களில் எந்த இயந்திரத்தையும் தொடுவதில்லை. அவர் கையில் ஓர் அரமும், பிடியில் ஓர் இரும்புத் துண்டும் இருக்கும். அந்தத் துண்டின் ஒரு பக்கத்தைச் சமமாக அராவ வேண்டும். பார்க்க எளிது. அராவிய பின் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியும். எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. மீண்டும் அராவ வேண்டும். நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு என்று துண்டு வளைந்துகொண்டே போகும். பயிற்றுநர் வந்து நிற்கும் நிலையைத் திருத்துவார். தோளை இறுக்காமல் அரத்தைத் தள்ளக் கற்பிப்பார். நாள்கள் பல சென்ற பின் ஒருநாள் மூலைமட்டத்தின் கீழ் ஒளி தெரியாமற் போகும். அப்போது அந்த இரும்புத் துண்டு எதற்கும் பயன்படாத அளவுக்குத் தேய்ந்திருக்கும், கை பழகியிருக்கும்.

மேசையின் கீழ்க் குவிந்து கிடக்கும் அந்த இரும்புத் தூள் பொதுப்பணத்தால் வாங்கியது. கணக்குப் பிள்ளையின் பார்வையில் அது வீண். தொழில் தெரிந்தவர் பார்வையில் அதுவே பாடநூல். செலவைக் குறைப்பதற்காக இரும்பைக் குறைத்துக்கொண்டால், சான்றிதழில் ஃபிட்டர் என்று எழுதியிருக்கும். கைக்கு அது தெரியாது. தொழிற்பயிற்சிக்கான நிதி குறையும்போது முதலில் குறைவது பெரும்பாலும் கட்டடமோ பெயர்ப்பலகையோ அன்று. இந்த இரும்புத் துண்டும் பயிற்றுநர் பணியிடமும்தான்.

இந்நிலையங்களுக்கான பணத்தை யார் தருவது என்பதும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1956-ஆம் ஆண்டில் அன்றாட நிருவாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது செலவில் 60 விழுக்காட்டை நடுவண் அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன. 1969 ஏப்ரல் முதல் நிதிப் பொறுப்பும் மாநிலங்களுக்குச் சென்றது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தை நாடு முழுவதும் ஒன்றாக வைத்திருக்க 1956-இல் ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. எந்த ஊரில் எந்தத் தொழிலைக் கற்பிப்பது என்பதை மாநிலம் பார்த்துக்கொள்ளும். கற்றது எவ்வளவு என்பதை நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுகோல் அளக்கும்.

அந்தப் பொது அளவுகோலின் பயன் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நன்கு தெரியும். 1950-களின் இறுதியில் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய இடங்களில் பொதுத்துறை எஃகு ஆலைகள் எழுந்தபோது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் அங்கே சென்றனர். தமிழர்களும் அவர்களுள் இருந்தனர். அங்குள்ளோருக்கு அவர்களுடைய மொழி தெரியாது, ஊரும் தெரியாது. ஒரு தேசியத் தொழிற்சான்றிதழ் அந்த அறியாமையைக் கடந்து பேசும். அறிமுகம் சொல்ல ஆள் இல்லாதவருக்கு அத்தாள் அறிமுகமாக நிற்கும்.

ஆனால் பொது அளவுகோலுக்கு ஒரு குறையும் உண்டு. ஊரில் உள்ள ஆலை மாறிவிடும்; பாடத்திட்டம் மாறக் காலம் பிடிக்கும். கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் ஆலையில் நிறைந்த பிறகும் பயிற்சிக்கூடத்தில் பழைய இயந்திரமே சுழன்றுகொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய, 2007-08-இல் 1,396 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்தும் திட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் வழங்கப்பட்டது. உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட குழு அதைச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்னும் பெரிய திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 1,000 அரசு நிலையங்களை மேம்படுத்த ஐந்தாண்டுகளில் 60,000 கோடி ரூபாய். அதில் நடுவண் அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி. ஆள் வேண்டும் என்று கேட்பவரும் பணத்தில் பங்கு தரவேண்டும் என்னும் எண்ணம் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அந்த எண்ணம் புதியதன்று. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் அதையே வேறு வகையில் கூறியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தொழிலாளர் உள்ள நிறுவனங்கள் தொழில் பழகுநர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்க வேண்டும். 2016-இல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்கத் திட்டத்தின்படி, அந்த உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, நடுவண் அரசு ஏற்றது. தொடக்கத்தில் கண்ட இரு கணக்குகளையும் இம்முறை ஓரளவு தீர்க்கிறது. கற்பவருக்குச் சிறிதளவேனும் பணம் கிடைக்கிறது. கற்பிப்பவரின் இழப்பில் ஒரு பகுதியைப் பொதுமக்கள் ஏற்கின்றனர். கூலிக்கு அது ஈடாகாது என்பது உண்மை. என்றாலும் பேருந்துக் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் வீட்டில் கையேந்த வேண்டாம்.

சில வாரங்களில் முடியும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் அண்மை ஆண்டுகளில் பெரும் தொகை செலவாகிறது. 2015 சூலை 15 அன்று தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் முதற்கட்டத்தில், தேர்வில் வென்று சான்றிதழ் பெற்றவருக்குப் பரிசுத்தொகை வழங்கப்பட்டது. இவ்வகை ஏற்பாட்டில் ஓர் இடர் இருக்கிறது. சான்றிதழை வைத்துப் பணம் அளந்தால் சான்றிதழ்கள் பெருகும். வேலை பெருகும் என்று சொல்ல முடியாது. ஊரக இளைஞர்களுக்காக 2014-இல் வந்த தீனதயாள் உபாத்யாய கிராமியக் கௌசல்யத் திட்டம் இதை உணர்ந்து, பயிற்சி தரும் நிறுவனத்துக்குப் பணத்தைத் தவணைகளாகப் பிரித்தது. பயிற்சி பெற்றோரில் குறைந்தது 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்த வேண்டும் என்பது விதி.

ஊரை விட்டுப் போகாமல்

வேலையில் அமர்த்துதல் என்றால் பெரும்பாலும் ஊரை விட்டு அனுப்புதல் என்றே ஆகிவிடுகிறது. உள்ளூரிலேயே இருந்து பிழைக்க விரும்புபவருக்குப் பொதுப்பணம் என்ன செய்யும்? இதற்குக் கருநாடகத்தில் ஒரு விடை பிறந்தது.

தென்கன்னட மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உஜிரே என்னும் சிற்றூர் உள்ளது. மங்களூரிலிருந்து சார்மாடி மலைப்பாதைக்குச் செல்லும் வழியில் அது இருக்கிறது. அந்த மாவட்டத்து இளைஞர்கள் மும்பை உணவகங்களில் வேலை தேடிப் போவது நெடுங்கால வழக்கம். 1982-இல் தருமஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்டே முன்னின்று, சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகியவற்றுடன் சேர்ந்து, ஊரக இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்றை உஜிரேயில் தொடங்கினார். இரண்டும் அப்போது அரசுடைமை வங்கிகளாக இருந்தன. நடுவண் அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2009 முதல் இம்முறையை நாடெங்கும் பரப்ப முன்வந்தது. ‘ஆர்செட்டி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இவ்வாறு தோன்றின. மாவட்டத்துக்கு ஒன்று என்பது நோக்கம். இன்று 500-க்கும் மேற்பட்டவை உள்ளன.

செலவைப் பங்கிட்ட முறையே இதில் நுட்பமானது. நிலத்தை மாநில அரசு தருகிறது. கட்டடத்துக்கென நடுவண் அரசு தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய் வரை தந்தது. நிலையத்தை நடத்தும் பொறுப்பு வங்கியுடையது. ஏழைக் குடும்பத்தவரின் பயிற்சிச் செலவை ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஈடுசெய்கிறது. கற்பவர் எதுவும் செலுத்துவதில்லை. உணவும் தங்குமிடமும் அவருக்கு இலவசம். பயிற்சி சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரை மட்டுமே நீள்வதால் அவர் இழக்கும் கூலியும் குறைவு. வங்கி ஏன் இதில் இறங்க வேண்டும்? தொழில் தெரிந்து, வரவு செலவு எழுதத் தெரிந்த ஒருவர் கடன் கேட்டு வந்தால் அவர் நல்ல வாடிக்கையாளராவார். வங்கியின் தன்னலமும் ஊரின் நலமும் இங்கே ஒரே வண்டியில் பூட்டப்பட்டுள்ளன.

பால்மாடு வளர்ப்பு, தையல், கைப்பேசி பழுதுபார்த்தல், மின்மோட்டாருக்குக் கம்பி சுற்றுதல், காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, அழகுக்கலை என அந்தந்த மாவட்டத்தில் எது விலைபோகுமோ அது கற்பிக்கப்படுகிறது. ஆனால் முதல் நாள்களில் தொழிலுக்கு முன்பே சில விளையாட்டுகள் நடக்கும். அவற்றுள் ஒன்று வளையம் எறிதல். தரையில் ஒரு கம்பம் நட்டிருக்கும். எவ்வளவு தொலைவில் நின்று எறிவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். மிக அருகில் நின்றால் வளையம் எளிதில் விழும். மதிப்பெண் மிகக் குறைவு. மிகத் தொலைவில் நின்றால் மதிப்பெண் அதிகம், வளையம் விழாது. வயது வந்தவர்கள் வளையம் எறிவதைப் பார்ப்பவர்களுக்கு நகைப்பாக இருக்கும். கடன் வாங்கிக் கடை வைக்கப் போகும் ஒருவர், எத்தனை மாடுகளுடன் தொடங்குவது, எவ்வளவு கடன் கேட்பது என்று முடிவு செய்யும் நாளில் அந்தக் கம்பம் அவர் நினைவுக்கு வரும்.

இன்னொரு நாள் பயிற்சியாளர்கள் அருகிலுள்ள கடைத்தெருவுக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்கள் அங்கே வாங்கப் போவதில்லை, கேட்கப் போகின்றனர். இந்தத் தெருவில் தையல் கடை எத்தனை? எந்த மாதத்தில் வேலை குவியும்? நூலும் பொத்தானும் எங்கே வாங்குகிறீர்கள்? கடனுக்குத் துணி தைத்துக் கொடுத்தால் பணம் வருமா? திரும்பி வந்து அவற்றை எழுதிக் கணக்குப் போடுகின்றனர். அந்தக் கணக்கே பின்னர் வங்கியிடம் கொடுக்கும் திட்ட அறிக்கையாகிறது. குருட்சேத்திர முகாமில் விடை கிடைக்காமல் நின்ற ‘யார் வாங்குவார்?’ என்னும் கேள்வி இங்கே பயிற்சியின் ஒரு பாடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

இம்முறையாலும் முடியாதவை உண்டு. சில வாரங்களில் ஒருவரைக் கடைசல் தொழிலாளியாக ஆக்க இயலாது. அதற்கு அரமும் இரும்பும் ஆண்டுகளும் வேண்டும். பயிற்சி முடித்த எல்லோருக்கும் கடன் கிடைத்துவிடுவதும் இல்லை. ஒரே ஊரில் முப்பது பேருக்கு அழகுக்கலை கற்பித்தால் முப்பது கடைகளும் நிலைக்கமாட்டா. கற்பிக்கும் தொழிலைத் தேர்வு செய்வதில் சோம்பல் காட்டும் நிலையம், எத்தனை நன்றாகக் கற்பித்தாலும் பயனில்லை.

ஆயினும் இத்திட்டத்தின் விதிகளுள் ஒன்று மற்றத் திட்டங்கள் பார்த்துக் கற்கத்தக்கது. பயிற்சி முடிந்த நாளோடு கணக்கு முடிவதில்லை. அதன் பிறகு இரண்டாண்டுக் காலம் நிலையம் அவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். நிலையத்தின் பதிவில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் சொந்தத் தொழில் தொடங்கினாரா, பிறரிடம் வேலைக்குச் சேர்ந்தாரா, கடன் பெற்றாரா என்று குறிக்கப்படுகிறது. தையல் பொறி வாங்கிய பெண் ஒருத்தி அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தால், ஏன் என்று கேட்க ஒருவர் அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். பொறியில் ஊசி முறிந்திருக்கலாம். கணவரோ மாமியாரோ தடுத்திருக்கலாம். தவணை கட்ட அஞ்சி அவளே நிறுத்தியிருக்கலாம். காரணத்தை எழுதிக்கொண்டு, ஊசியென்றால் ஊசியுடனும், கடனென்றால் வங்கி மேலாளரிடம் பேசிவிட்டும், அவர் அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும்.